போரில் இல்லாத ரொட்டி ரேஷன் 1946இல் எப்படி வந்தது? தாத்தா டைரியில் ஒரு சந்தேகம்

ஜூலை 8, இரவு 10:15 (கேள்வி)

என் தாத்தா 1946இல் லண்டனில் படித்தார். பரணில் கிடைத்த டைரியில் 1946 ஜூலை 22, திங்கள் என்று போட்டு இப்படி எழுதியிருக்கிறார்: "சின்ன ரொட்டி ஒன்று. 2 போயிற்று, 7 பாக்கி." அதே வாரம் சனிக்கிழமை: "ஒன்று மிஞ்சியது." வேறு விளக்கம் எதுவும் இல்லை. ரொட்டிக்கு ரேஷன் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் போர் நடந்தபோது இங்கிலாந்தில் ரொட்டிக்கு ரேஷனே கிடையாது என்று படித்தேன். போர் 1945 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. சண்டை நடக்கும்போது இல்லாத ரேஷன் முடிந்த பிறகு எப்படி வரும்? தாத்தா வருஷத்தை மாற்றி எழுதிவிட்டாரா?

ஜூலை 9, காலை 6:20

வருஷம் சரிதான் தம்பி. பிரிட்டனில் ரொட்டிக்கு ரேஷன் ஆரம்பித்தது 1946 ஜூலை 21. அது ஞாயிற்றுக்கிழமை. உங்கள் தாத்தா எழுதியது மறுநாள். இரண்டு உலகப் போரிலும் அங்கே ரொட்டிக்கு ரேஷன் போடவில்லை. வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி, டீ, துணி, சோப்பு எல்லாவற்றுக்கும் கூப்பன் இருந்தது. ரொட்டியும் உருளைக்கிழங்கும் மட்டும் வயிறு நிறையத் தின்றுகொள் என்று விட்டிருந்தார்கள். ஜெயித்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆன பிறகு ரொட்டிக்கும் சீட்டு.

2, 7 என்பது காசாக இருக்கும். 2 பென்ஸ் செலவு, 7 பென்ஸ் கையில்.

நான் கூட்டுறவு ரேஷன் கடையில் 31 வருஷம் விற்பனையாளராக இருந்தவன். சரித்திரம் படித்தவன் இல்லை. ரேஷன் என்று யார் பேசினாலும் மூக்கை நுழைப்பேன், அவ்வளவுதான்.

ஜூலை 9, காலை 11:05

மேலே சொன்ன 2, 7 தப்பு. டீ குடிக்கும்போது உறைத்தது. இரண்டையும் கூட்டுங்கள், 9. வயது வந்த சாதாரண ஆளுக்கு அங்கே வாரத்துக்கு 9 யூனிட். பிரெட் யூனிட் என்றே பெயர், சுருக்கமாக பி.யூ. சின்ன ரொட்டிக்கு 2, பெரிய ரொட்டிக்கு 4, ஒரு பவுண்டு மாவுக்கு 3. தாத்தா சின்ன ரொட்டி ஒன்று வாங்கி 2 யூனிட் கொடுத்திருக்கிறார், பாக்கி 7. காசு இல்லை, கூப்பன் கணக்கு.

யூனிட் என்று ஆயிரம் பில் போட்ட எனக்கே முதலில் தோன்றவில்லை பாருங்கள்.

ஜூலை 9, மதியம் 3:40

எல்லாருக்கும் 9 இல்லை. உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு 15, பெண்ணுக்கு 11. கர்ப்பிணிக்கு 11. கைக்குழந்தைக்கு 2, பிறகு வயது ஏற ஏற 5, 8, 12. பள்ளியில் படிக்கும் 12 வயதுப் பையனுக்கு அவன் அப்பா ஆபீசில் உட்கார்ந்து வாங்கும் ரொட்டியை விட அதிகம். இது எனக்குப் பிடித்திருந்தது. நம்மிடம் பெரியவர் ஒரு யூனிட், சிறியவர் அரை யூனிட் என்று ஒரே வெட்டு. வளரும் பிள்ளை எவ்வளவு தின்னும் என்று வீட்டில் சமைக்கிறவளுக்குத் தெரியும், அட்டைக்குத் தெரியாது.

அட்டையிலும் அங்கே நிறம் உண்டு. பெரியவர்களுக்கு மங்கிய பழுப்பு, கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் பச்சை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலம். பச்சைப் புத்தகம் வைத்திருந்தால் பாலும் ஆரஞ்சும் முதலில் கிடைக்கும். ஸ்மார்ட் கார்டு வரும் முன் நம்மூரில் பச்சை அரிசி கார்டு, வெள்ளை சர்க்கரை கார்டு. எந்த ஊரிலும் பச்சைக்குத்தான் மரியாதை.

ஜூலை 10, காலை 5:50

போர் முடிந்த பிறகு ஏன் ரேஷன் என்று தம்பி கேட்டதற்கு இப்போது வருகிறேன். தூக்கம் வரவில்லை.

போர் முடிந்த கையோடு, 1945 ஆகஸ்டிலேயே, அமெரிக்கா கடன்குத்தகை உதவியை (போரின்போது கையில் காசு வாங்காமல் சரக்கு அனுப்பிய ஏற்பாடு) நிறுத்தியது. முட்டைப்பொடி, பன்றி இறைச்சி என்று அதுவரை அந்தக் கணக்கில் வந்த சரக்கெல்லாம் இனி டாலர் கொடுத்தால்தான் வரும். பிரிட்டனிடம் டாலர் இல்லை. டிசம்பரில் 375 கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார்கள், வட்டி 2 சதவீதம். அந்தக் கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தார்கள்! என் பேத்தி பிறந்த வருஷம் அது.

அப்புறம் நமக்கும் அவர்கள் பாக்கி. போரில் இந்தியாவிலிருந்து எடுத்த சரக்குக்கும் ஆளுக்கும் காகிதத்தில் எழுதிவைத்த கடன் நூறு கோடி பவுண்டுக்கு மேல். நம்மை ஆட்சி செய்தவன் கடைசியில் நம்மிடமே கடன்பட்டவன்.

டாலர் இல்லாததால் கோதுமை வாங்க முடியவில்லை, அதனால் ரேஷன். கதை இதுதான்.

ஜூலை 10, இரவு 9:30

கதை அது இல்லை. காலையில் அவசரப்பட்டுவிட்டேன்.

தேதியைப் பாருங்கள். கடன் மசோதாவில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட்டது 1946 ஜூலை 15. ரொட்டி ரேஷன் தொடங்கியது ஜூலை 21. பணம் வருவது உறுதியான ஆறாம் நாளே ரேஷன். பணம்தான் பிரச்சினை என்றால் ரேஷனைக் கைவிட்டிருக்கலாமே?

கையில் காசு இருந்தாலும் வாங்கக் கோதுமை இல்லை. ஐரோப்பாவில் 1945 விளைச்சல் மோசம். உழ மாடில்லை, உரமில்லை, வயலில் கண்ணிவெடி. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வறட்சி. அமெரிக்காவில் தானியம் இருந்தது, ஆனால் பாதியை ஆடுமாடும் பன்றியும் தின்றன, மிச்சத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர ரயில் பெட்டி போதவில்லை. இந்தப் பக்கம் அரிசி. போருக்கு முன் பர்மா வருஷத்துக்கு சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது, அதில் பாதிக்கு மேல் இந்தியாவுக்கு. அந்தப் பர்மா சின்னாபின்னமாகிக் கிடந்தது. அரிசி தின்பவனும் கோதுமைக்கே கை நீட்டினான்.

ஆக உலகம் முழுக்க ஒரே மூட்டை, அதைச் சுற்றி எல்லாரும். கடையில் இது எனக்குப் பழகின நிலைமை. லோடு வரவில்லை என்றால் கார்டுதாரர் கையில் பணம் இருந்து என்ன பிரயோஜனம்?

ஜூலை 11, காலை 7:15

"ஜெயித்த நாடு ஏன் பட்டினி கிடக்க வேண்டும், இருந்த கோதுமையைத் தானே தின்றிருக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அங்கேயும் அதைத்தான் கேட்டார்கள்.

ஜெர்மனியில் பிரிட்டன் கையிலிருந்த பகுதி, ரூர் சுரங்கமும் ஆலைகளும் அடங்கியது. அங்கே 1946 மார்ச்சில் ஓர் ஆளுக்கு நாளைக்குச் சுமார் 1,000 கலோரியாக வெட்டினார்கள். கஞ்சி குடித்துப் படுத்துக்கிடக்கிறவனுக்கே அது போதாது, நிலக்கரி வெட்டுகிறவனுக்கு எப்படிப் போதும்? நிலக்கரி வரவில்லை என்றால் ஐரோப்பாவே ஓடாது. தோற்ற நாட்டுக்குச் சோறு போடும் பொறுப்பு ஜெயித்தவன் தலையில் விழுந்தது.

இன்னொரு பக்கம் இந்தியா. பருவமழை பொய்த்துச் சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாயும் தவித்தன. 1946 மே மாதம் பிரிட்டிஷ் அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் வாஷிங்டன் போய், பிரிட்டன் பங்குக் கோதுமையில் 2 லட்சம் டன்னைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஜெர்மனிக்கும் இந்தியாவுக்கும் போவதற்காக. ரொட்டிக்கு ரேஷன் வந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. உணவு அமைச்சர் பென் ஸ்மித் அந்த மாதமே ராஜினாமா. வசவு வாங்க வந்தவர் ஜான் ஸ்ட்ரேச்சி.

பெரிய மனசு என்று கைதட்ட நான் தயாரில்லை. மூன்று வருஷம் முன்னால் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தபோது கப்பல் இல்லை என்று சொன்னதும் இதே லண்டன்தான். ஆனால் 1946இல் வங்கத்துக் கதி தெற்கே நேரவில்லை என்பதும் உண்மை. நகரத்தில் ரேஷன் கடைகள் இருந்தன, கொஞ்சம் கோதுமை வந்தது.

ஜூலை 11, காலை 7:40

சொல்ல மறந்துவிட்டேன். பம்பாயில் 1946 பிப்ரவரி 18 கடற்படைக் கலகம் எதில் ஆரம்பித்தது? தல்வார் பயிற்சித் தளத்தில் மாலுமிகளுக்குப் போட்ட சாப்பாட்டில். மட்டமான சோறு, வெள்ளை அதிகாரிகளின் வசவு. சில நாளில் 78 கப்பல், 20,000 மாலுமிகள். பசி அரசியல் இல்லை என்று யார் சொன்னது.

ஜூலை 12, மாலை 6:10

அம்மாவிடம் கேட்டேன். 89 வயது. 1946இல் சிந்தாதிரிப்பேட்டையில் பத்து வயசுப் பெண். காது மந்தம். "வெள்ளைக்காரன் சண்டை முடிஞ்ச வருஷம் ரேஷன் எப்படி இருந்துச்சு?" என்று மூன்று முறை கத்திய பிறகு பதில்:

"சண்டை முடிஞ்சதா? எங்களுக்கு யாரு சொன்னா? பை தூக்கிட்டு நின்னது நின்னதுதான்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. விடியற்காலை அவளுடைய அப்பா பையைக் கல்லுக்கு அடியில் வைத்து இடம் பிடிப்பாராம். ஆறரைக்கு அம்மா போய்ப் பைக்குப் பதில் நிற்பாளாம். அரிசியில் கல். "அரிசி பொறுக்குறதா, கல்லு பொறுக்குறதான்னு இருக்கும். சுளகுல கல்லு ஒரு பக்கம் குமியும், அதை பாட்டி தூக்கிப் போடமாட்டா, வாசல்ல கொட்டி மிதிச்சு விடுவா, சேறு ஆகாம இருக்கும்."

அந்த வருஷம் இந்திய நகரங்களில் அடிப்படை ரேஷனைத் தலைக்கு நாளைக்கு 12 அவுன்சாகக் குறைத்தார்கள். 340 கிராம். பழைய அளவில் ஏறக்குறைய இரண்டரை ஆழாக்கு. அதிலும் ஒரு பங்கு கோதுமை. அரிசி தின்கிற வீட்டில் கோதுமையை என்ன செய்வது? சப்பாத்தி யாருக்கும் சுடத் தெரியாது. ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டித் தோசை வார்த்தார்களாம். கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வரும். "கோந்து தோசை" என்று பெயர். அந்தக் கோதுமை எந்தக் கப்பலில் வந்ததோ.

ஜூலை 12, இரவு 10:50

கணக்குப் பார்த்தேன், கோபம் வந்தது.

லண்டன்காரர் 9 யூனிட்டுக்கும் சின்ன ரொட்டியாக வாங்கினால் வாரத்துக்கு நாலரை ரொட்டி. ஒன்று 14 அவுன்ஸ். நாளைக்கு 9 அவுன்ஸ் வருகிறது. அம்மாவுக்கு 12 அவுன்ஸ். ஆகா, நமக்குத்தான் அதிகம் என்று ஒரு புள்ளிவிவரக்காரன் எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் லண்டன்காரருக்கு அதோடு உருளைக்கிழங்கு, கொஞ்சம் இறைச்சி, பால், வெண்ணெய், ஜாம் உண்டு. அம்மாவுக்கு அந்த 12 அவுன்ஸ்தான் காலை, மதியம், ராத்திரி மூன்றும். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, மரம் பக்கத்து வீட்டில்.

ஜூலை 14, காலை 8:00

போன பதிவில் லண்டன்காரரை ரொம்பக் குறைத்துப் பேசிவிட்டேனோ என்று இரண்டு நாளாக உறுத்தல்.

ரொட்டி ரேஷன் அளவு அப்படி ஒன்றும் கொடுமை இல்லை என்பதும் தெரிகிறது. முன்பு சாதாரணமாகத் தின்றதற்குப் பெரிதாகக் குறையவில்லை, பல வீடுகளில் யூனிட் தீரவில்லை. மிஞ்சியதை வேறு பொருளுக்கான புள்ளிகளாக மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. ரேஷனால் மிச்சமான கோதுமை சொற்பம்தான் என்கிறார்கள். பிறகு ஏன் அவ்வளவு கூச்சல்? இல்லத்தரசிகள் சங்கம் கையெழுத்து வேட்டை நடத்தியது, பேக்கரிக்காரர்கள் கூப்பன் எண்ண மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள்.

எனக்குப் புரிகிறது. ஒரு தடவை எங்கள் கடையில் மண்ணெண்ணெய் அடுத்த மாதத்திலிருந்து நிற்கப்போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உண்மையில் அந்த மாதம் சரக்கு வழக்கத்தைவிட அதிகம். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கே வரிசை தெருமுனை தாண்டியது. மாதக் கடைசியில் சாவகாசமாக வருகிற ஒரு பாட்டி, வீட்டில் ஸ்டவ்வே இல்லாதவர், அவரும் காலி டின்னோடு. "எல்லாரும் வாங்குறாங்களே" என்றார். இருக்கிறது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் நம்பவில்லை. லண்டனிலும் ஜூலை 21க்கு முந்தைய நாட்களில் பேக்கரி வாசலில் வரிசை. ரொட்டி இருந்தது. நாளைக்கு இருக்கும் என்ற நம்பிக்கைதான் போயிருந்தது.

பேக்கரிக்காரன் முரண்டு பிடித்ததையும் சொல்ல வேண்டும். மாவு பிசைகிறவனை உட்காரவைத்து விரல்நகம் அளவு சீட்டை எண்ணச் சொன்னால்? எங்களுக்கு மாதம் முடிந்தால் இருப்புப் பதிவேடு, விற்பனைப் பதிவேடு, காலிச் சாக்குக் கணக்கு. மூட்டை எடை கிடங்கில் ஒன்று, கடைக்கு வரும்போது ஒன்று. அந்த வித்தியாசத்தை யார் தலையில் கட்டுவது என்று ஒரு வருஷம் நான் சம்பளத்தில் கட்டினேன். அதை விடுங்கள்.

ஜூலை 14, மதியம் 1:25

எடை என்றதும் ஞாபகம் வந்தது. ரேஷன் வருவதற்கு முன்பே, அந்த வசந்தகாலத்தில், பெரிய ரொட்டியை 2 பவுண்டிலிருந்து ஒன்றேமுக்கால் பவுண்டாகக் குறைத்துவிட்டார்கள். விலை அதே விலை. 907 கிராம் ரொட்டி 794 கிராம் ஆயிற்று. இதை நான் செய்திருந்தால் பறக்கும் படை வந்திருக்கும்.

மாவிலும் கைவைத்தார்கள். நூறு பங்கு கோதுமையில் 90 பங்கை மாவாக்கு என்று உத்தரவு. தவிடு பாதி உள்ளேயே தங்கும். ரொட்டி சாம்பல் நிறம். இன்றைக்கு ஏறக்குறைய அதையே முழுத்தானிய ரொட்டி என்று பெயர் வைத்து இரட்டை விலைக்கு விற்கிறார்கள், என் மருமகள் வாங்குகிறாள்.

ஜூலை 16, இரவு 8:45

தம்பி தாத்தா டைரியில் இன்னும் சில வரிகள் அனுப்பியிருக்கிறார். ஜூன் 8: "அணிவகுப்பு. மழை. குடையில்லை." அது வெற்றி விழா ஊர்வலம், அன்று லண்டனில் மழைதான். செப்டம்பரில்: "கென்சிங்டனில் வீடில்லாதவர்கள் பெரிய மாளிகைக்குள் புகுந்துவிட்டார்கள். பார்க்கப் போனோம்."

இதுவும் சரி. செப்டம்பர் 8, டச்சஸ் ஆஃப் பெட்ஃபோர்ட் ஹவுஸ். குண்டுவீச்சில் வீடுகள் போயின, ஐந்தாறு வருஷம் புதிதாகக் கட்டவில்லை, பட்டாளத்திலிருந்து லட்சக்கணக்கில் ஆண்கள் திரும்புகிறார்கள், வந்ததும் கல்யாணம், குழந்தை. எங்கே குடியிருப்பது? காலியாகக் கிடந்த ராணுவ முகாம்களில் பூட்டை உடைத்துக் குடியேறினார்கள். இலையுதிர் காலத்துக்குள் நாடு முழுக்க 40,000 பேருக்கு மேல், ஆயிரத்துக்கு மேற்பட்ட முகாம்களில். தகரக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, சன்னலுக்குத் திரை போட்டு, வாசலில் கோடு கிழித்து இது உன் பங்கு இது என் பங்கு. முகாம்களை அரசு விட்டுக்கொடுத்தது. மாளிகையில் மட்டும் போலீஸ் நின்றது.

ஜூலை 17, காலை 6:30

"மற்ற நாடுகளில்?" என்று கேட்டவருக்கு, சுருக்கமாக.

டோக்கியோ: மே 19, அரண்மனை முன்னால் சோறு கேட்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். ஹங்கேரி: பணவீக்கம் முற்றி, ஆகஸ்ட் 1 அன்று புது நாணயம் ஃபோரின்ட் வந்தபோது ஒரு ஃபோரின்டுக்குப் பழைய பெங்கோ எவ்வளவு தெரியுமா, 4 போட்டு 29 சுழியம். எங்கள் பில் மெஷினில் அவ்வளவு இடம் இல்லை. மலேயா: ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு, 1945இல் அவன் தோற்றதும் வெறும் காகிதம். தோட்டத்துத் தமிழர்கள், ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று காத்திருந்தார்கள். பலர் திரும்பவில்லை. அமெரிக்கா: பிட்ஸ்பர்கில் நைலான் காலுறைக்கு வரிசை.

இந்தியாவில் ஜனவரி 12ஆம் தேதி 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அம்மாவைக் கேட்டேன். "ஆயிரம் ரூபாய் நோட்டா? நாங்க பார்த்தா தானே செல்லாமப் போக."

ஜூலை 17, மாலை 4:00

நிலக்கடலையைச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெய், வனஸ்பதிப் பஞ்சமும் அந்த வருஷம்தான். போருக்கு முன் பிரிட்டனுக்குக் கடலை போனதில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு, அதில் சென்னை மாகாணத்துக் கடலையும் உண்டு. போருக்குப் பிறகு நமக்கே காணவில்லை. உடனே பிரிட்டனில் ஒரு யோசனை, ஆப்பிரிக்காவில் தாங்கனிக்காவில் (இன்றைய தான்சானியா) காட்டை அழித்துக் கடலை போடுவோம் என்று. 1946இல் திட்டம், மறுவருஷம் வேலை. புல்டோசர் உடைந்தது, மழை வரவில்லை, மண் செங்கல்லாக இறுகிவிட்டது. 1951இல் கைவிட்டார்கள், 3 கோடியே 60 லட்சம் பவுண்டு போச்சு. திண்டிவனம் பக்கம் ஒரு கடலைக்கொல்லைக்காரரைக் கூட்டிப்போய் மண்ணைக் கிள்ளிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

ஜூலை 19, இரவு 9:20

ரொட்டி ரேஷன் எப்போது முடிந்தது என்று கேட்டார்கள். 1948 ஜூலை 24. ஏறக்குறைய இரண்டு வருஷம். கடைசியாக இறைச்சிக் கட்டுப்பாடு போனது 1954 ஜூலையில்.

தம்பி, உங்கள் சனிக்கிழமைக் கணக்கையும் போட்டுவிட்டேன். தனியாள், பெரிய ரொட்டி வாங்கினால் தின்பதற்குள் காய்ந்துவிடும். அதனால் சின்னது. நாலு சின்ன ரொட்டி, 8 யூனிட். மொத்தம் 9. "ஒன்று மிஞ்சியது." அந்த ஒன்றை வைத்து இன்னொரு ரொட்டி வராது, பன் வேண்டுமானால் வரும். தாத்தா கணக்கில் கெட்டி.

இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். லண்டனில் படித்த ஒரு தாத்தா, 1946, ரேஷன், வாரக் கடைசியில் ஒன்று மிஞ்சியதாம் என்று. காதைத் திருப்பி இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"மிஞ்சிச்சா? ரேஷன்லயா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், மருமகளைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தாள்.